மணக்கும் பியோனி: ஒன்ராறியோவில் முதல் கிழங்கு நடுகிறவர்களுக்கு

ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் நான் நட்ட முதல் பியோனி (peony, ரோஜாபோல இதழ் அடுக்கிய பெரிய பூப் பூக்கும் செடி) நான்கு வருஷம் ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. மே மாதம் வந்தால் இலை பச்சைப்பசேல் என்று வரும், அவ்வளவுதான். ஐந்தாவது வருஷம் தோண்டிப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. கிழங்கின் முளைகள் ஐந்து அங்குல ஆழத்தில் புதைந்து கிடந்தன. இரண்டு அங்குலத்துக்குக் கீழே போனால் பூக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மேலே தூக்கி நட்டு, ஒருவழியாகப் பூத்தது. குனிந்து முகர்ந்தால் வாசமே இல்லை. மல்லிகைப் பந்தலடியில் வளர்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது எட்டுச் செடிகள் நிற்கின்றன, எட்டும் மணக்கும் சாதி. ஜூன் மாதம் சமையலறை யன்னலைத் திறந்தால் வாசம் உள்ளே வரும். நான் போக்கிய வருஷங்களை நீங்களும் போக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ரொறன்ரோ, மார்க்கம், பிரம்ரன், மிசிசாகா பக்கம் இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றலாம். இன்னும் குளிரான ஒட்டாவா, மொன்றியலிலும் பியோனி நன்றாக வரும். அங்கே இலையுதிர்கால வேலைகளை ஓரிரு வாரம் முந்திச் செய்யுங்கள், பூ ஓரிரு வாரம் பிந்தி வரும்.

இது குளிர் கேட்கும் செடி. இலையுதிர்காலத்தில் தண்டு முழுவதும் காய்ந்து விழும், கிழங்கு மண்ணுக்குள் உறங்கும், வசந்தத்தில் திரும்ப முளைக்கும். பல வாரக் குளிர் கிடைக்காவிட்டால் மொட்டு வராது. அதனால் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ கிழங்கு கொண்டுபோக ஆசைப்படாதீர்கள், அங்கே பூக்காது.

1. வாங்கும் முன் மணந்து பாருங்கள்

எல்லாப் பியோனியும் மணக்காது. கடை அட்டையில் இருக்கும் படம் நிறத்தைக் காட்டும், வாசத்தைக் காட்டாது. எல்லாரும் ஆசைப்படும் பவள நிற 'கோரல் சார்ம்' கண்ணைப் பறிக்கும், வாசத்துக்கென்று அதை வாங்கினால் ஏமாறுவீர்கள். கடும் சிவப்பு 'ரெட் சார்ம்' கதையும் அதுதான். பொதுவாக வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும், இதழ் அடுக்கடுக்காக நிறைந்த பழைய சாதிகளில்தான் நல்ல வாசம்.

நேரில் மணந்து பார்க்க நமக்கு இரண்டு நல்ல இடங்கள் இருக்கின்றன. ஒன்று ஒஷாவா வாலி தாவரவியல் தோட்டம். 300க்கும் மேற்பட்ட பியோனி வகைகள் அங்கே உண்டு, ஜூன் மாதத்தில் பியோனித் திருவிழாவும் நடக்கும். மற்றது பேர்லிங்ரனில் ரோயல் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த லேக்கிங் தோட்டம். ஜூன் தொடக்கத்தில் ஒரு காலைப்பொழுது போங்கள். வெயில் ஏறும் முன் வாசம் நன்றாகத் தெரியும். பிடித்த செடியின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எழுத்துக்கூட்டல் பிழைத்தால் கடையில் வேறு செடி கைக்கு வரும்.

நான் வளர்த்து, மணக்கும் என்று தயங்காமல் சொல்லக்கூடியவை இவை:

'டச்செஸ் டி நெமூர்' (Duchesse de Nemours): வெள்ளை, நடுவில் இளமஞ்சள் சாயல். முதலில் ஒரே ஒரு செடிதான் வாங்கலாம் என்றால் இதை வாங்குங்கள். ஒரு பூ போதும், அறை நிறையும்.

'ஃபெஸ்டிவா மாக்சிமா' (Festiva Maxima): வெள்ளை இதழுக்குள் இரண்டு மூன்று செந்துளிகள், குங்குமம் சிந்தியதுபோல. ரோஜாவை நினைவுபடுத்தும் வாசம். 1851 முதல் தோட்டங்களில் இருக்கிறது, லேசில் சாகாது.

'எடுலிஸ் சுபெர்பா' (Edulis Superba): இளஞ்சிவப்பு. மற்றவற்றுக்கு முந்திப் பூக்கும்.

'ஹெர்மியோனி' (Hermione): இளஞ்சிவப்பு, தண்டு உறுதி. பூங்கொத்துக்கு நல்லது.

'சாரா பெர்னார்ட்' (Sarah Bernhardt): பிந்திப் பூக்கும் இளஞ்சிவப்பு. எல்லாக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. வாசம் மேலே சொன்னவற்றைவிட மென்மை. பூ பாரமானது, மழைக்குத் தலை சாயும்.

சிவப்புதான் வேண்டும், அதுவும் மணக்க வேண்டும் என்பவர்கள் 'பிலிப் ரிவுவார்' (Philippe Rivoire) என்ற பெயரைத் தேடுங்கள். முந்திப் பூப்பது ஒன்று, இடையில் ஒன்று, பிந்திப் பூப்பது ஒன்று என்று எடுத்தால் மே கடைசியிலிருந்து ஜூன் மூன்றாம் நான்காம் வாரம் வரை வீட்டில் பூ இருக்கும். ஒரே சாதியில் மூன்று வாங்கினால் பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

2. இடமும், தோண்டும் முன் வாங்க வேண்டிய அனுமதிகளும்

இது ஐம்பது வருஷம்கூட ஒரே இடத்தில் நிற்கக்கூடிய செடி, இடம் மாற்றுவது அதற்குப் பிடிக்காது. எனவே இடத்தை ஆறுதலாகத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். மேப்பிள் மரத்தடி வேண்டவே வேண்டாம். நிழலும் விழும், மரத்தின் வேர் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். செடிக்குச் செடி மூன்று அடி இடைவெளி விடுங்கள். நடும்போது வெறிச்சென்று தெரியும், ஐந்தாவது வருஷம் அந்த இடைவெளி அளவாக இருக்கும். இலைகளுக்கிடையே காற்று போகாவிட்டால் பூஞ்சை வரும்.

எங்கள் பக்கத்து மண் பெரும்பாலும் களிமண். ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, வடிந்த பிறகு திரும்ப ஒருமுறை நிரப்புங்கள். மறுநாள் காலையும் தண்ணீர் நின்றால் அங்கே நட்ட கிழங்கு அழுகும். வேறு இடம் பாருங்கள், அல்லது மண்ணை ஆறேழு அங்குலம் மேடாக்கி அதில் நடுங்கள்.

நடைபாதைக்கும் வீதிக்கும் இடையில் இருக்கும் புல் கீற்றில் நடாதீர்கள். அது நம் வீட்டு முன்னால் இருந்தாலும் நகரசபையின் நிலம். குளிர்காலத்தில் உப்பும் அங்கேதான் வந்து சேரும்.

அனுமதி விஷயம் இரண்டு. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள், ஒரு மின்னஞ்சல் போதும். "வீடு மாறும்போது செடியை எடுத்துக்கொண்டு போவேன்" என்ற வரியையும் அதில் சேர்த்துவிடுங்கள். கொண்டோ டவுன்ஹவுஸ் என்றால் நிர்வாகச் சபையின் விதிகளில் முன்வளவில் என்ன நடலாம் என்று இருக்கும், அதை முதலில் வாசியுங்கள்.

இரண்டாவது, பலருக்குத் தெரியாதது. ஒன்ராறியோவில் சொந்த வளவில் பூச்செடிக்குக் குழி தோண்டுவதென்றாலும் முன்கூட்டியே 'ஒன்ராறியோ வன் கோல்' (Ontario One Call) சேவைக்கு அறிவிக்க வேண்டும். இது சட்டம், செலவு ஒரு சதமும் இல்லை. இணையத்தில் முகவரியையும் தோண்டும் இடத்தையும் பதிந்தால் ஆட்கள் வந்து நிலத்தடிக் குழாய், கம்பி போகும் இடங்களை நிறத்தால் குறித்துவிட்டுப் போவார்கள். மஞ்சள் என்றால் எரிவாயு, சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசி இணையக் கம்பி, நீலம் தண்ணீர். குறைந்தது ஐந்து வேலைநாள் முன்பே பதியுங்கள், செப்டெம்பரில் இன்னும் பிந்தலாம். அவர்கள் தரும் தாளைத் தோண்டி முடியும்வரை கையோடு வைத்திருங்கள். எரிவாயு மீற்றரைத் தாண்டி நீங்களே போட்ட தனிக் குழாய்கள், உதாரணமாக பார்பிகியூவுக்குப் போகும் குழாய், அந்தக் குறிப்பில் வராது. அதை நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும்.

3. எப்போது, எங்கே, எவ்வளவுக்கு

சரி, கடைக்குப் போவோம். வசந்தத்தில் பெரிய கடைகளில் பெட்டிக்குள் ஒரு துண்டுக் கிழங்கு 10, 15 டொலருக்கு வரும். எனது முதல் செடி அதுதான். அட்டையில் 'இளஞ்சிவப்பு' என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். சாதிப் பெயர் இல்லாமல் வாசம் என்ன என்று தெரியாது. பல பெட்டிகளில் ஒரே ஒரு முளைதான் இருக்கும், சிலதில் கிழங்கு பஞ்சாகக் காய்ந்திருக்கும்.

நல்ல வழி, பியோனி வளர்த்து விற்கும் நர்சரியில் மண்ணில்லாத வெறுங்கிழங்காக வாங்குவது. அவர்கள் இலையுதிர்காலத்தில்தான் தோண்டி அனுப்புவார்கள். முன்பதிவு வசந்தத்திலும் கோடையிலும் நடக்கும், நல்ல சாதிகள் ஓகஸ்டுக்குள் முடிந்துவிடும். ஆகவே ஜூனில் மணந்து பாருங்கள், அந்த மாதமே பதிந்துவிடுங்கள்.

பதியும்போது மூன்று விஷயம் கேளுங்கள். கிழங்கில் எத்தனை முளை (3 முதல் 5 வேண்டும்), சொன்ன சாதி இல்லாவிட்டால் மாற்றித் தருவார்களா, எந்த வாரம் அனுப்புவார்கள். பதிலை எழுத்தில் வாங்கி, பற்றுச்சீட்டுடன் வைத்திருங்கள். சாதி பிழை என்பது பூத்தால்தான் தெரியும், அது இரண்டு மூன்று வருஷம் கழித்து. பற்றுச்சீட்டு இல்லாததால் நான் ஒரு செடிக்கு நியாயம் கேட்க முடியாமல் விட்டேன்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பது இன்னொரு பொறி. நெதர்லாந்துக் கடைகளிலும் அமெரிக்கக் கடைகளிலும் படம் அழகாக இருக்கும், விலையும் குறைவாகத் தெரியும். ஆனால் தோட்டத்தில் நடும் வேருள்ள செடிக்கு, ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கனடா எல்லையில் அனுமதி இல்லை. நாட்டைப் பொறுத்து கனடா உணவு ஆய்வு முகமையின் இறக்குமதி அனுமதியும் வேண்டிவரும். பஃபலோவுக்குப் போய்வரும்போது காரில் எடுத்துவரும் கிழங்குக்கும் இதே கதைதான். ஒன்றிரண்டு செடிக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது, கனடாவுக்குள்ளேயே வாங்குங்கள்.

நான் கடைசியாக மூன்று செடி நட்டபோது ஆன செலவு: கிழங்கு ஒன்று 30 டொலர்படி 90, அனுப்புகூலி 20, நான்கு பை மக்கு உரம் 24, எலும்புத் தூள் 12, தாங்கு வளையம் மூன்று 54. மொத்தம் 200, அதன்மேல் 13 வீத வரி, ஆக 226 டொலர். இங்கே பூக்கடையில் ஒரு தண்டுப் பியோனியை 7 டொலருக்கு வாங்கியிருக்கிறேன். முற்றிய செடி ஒன்று வருஷத்துக்கு இருபது பூக்கூடத் தரும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

'பார்ட்செல்லா' போன்ற மஞ்சள் இட்டோ வகைகள் இதைவிட விலை கூட. அவை மரப் பியோனியும் செடிப் பியோனியும் கலந்த கலப்பினம், வளர்க்கும் முறையும் கொஞ்சம் வேறு. முதல் செடிக்கு வேண்டாம்.

4. நடுவது: இரண்டு அங்குலம்

காலம் செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் கடைசி வரை. மண் உறையும் முன் ஏறக்குறைய ஆறு வாரம் கிடைத்தால் மெல்லிய உணவு வேர்கள் ஓடிவிடும்.

கிழங்கு வந்த அன்றே பெட்டியைத் திறவுங்கள். பார்த்தால் மரவள்ளிக்கிழங்கின் வேர்க்கொத்துபோல இருக்கும், உச்சியில் இளஞ்சிவப்பு நிறத்தில் கூரான முளைகள். அதுதான் அடுத்த வருஷத்துத் தண்டு, கையில் எடுக்கும்போது உடையாமல் பாருங்கள். கிழங்கு கெட்டியாக இருக்க வேண்டும். அமத்தினால் நீர் கசியும், புளித்த மணம் வரும் பகுதி இருந்தால் சுத்தமான கத்தியால் வெட்டி எறியுங்கள். காய்ந்து வந்திருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள்.

குழி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். தோண்டிய மண்ணில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு மக்கு உரம் கலந்து, எலும்புத் தூள் ஒரு பிடி போடுங்கள். பச்சை எருவோ கோழி எருவோ போடாதீர்கள், கிழங்கு அழுகும். புல்லுக்குப் போடும் நைதரசன் உரமும் வேண்டாம். இலை வரும், பூ வராது.

கலந்த மண்ணைக் குழியில் திரும்ப நிரப்பி, காலால் நன்றாக மிதியுங்கள். இந்த மிதியை விட்டுவிட்டுத்தான் பலர் கெடுகிறார்கள். இளகிய மண் குளிர்காலத்தில் இறங்கும், அதோடு கிழங்கும் இறங்கும். நடும்போது இரண்டு அங்குலமாக இருந்தது வசந்தத்தில் நான்காகிவிடும்.

இனி கிழங்கை முளை மேல்நோக்கி இருக்க வையுங்கள். ஒரு தடியைக் குழியின் குறுக்கே, தரையோடு தரையாகப் போடுங்கள். தடியின் அடியிலிருந்து முளையின் நுனிவரை சுட்டுவிரலை விட்டு அளவுங்கள். எனது விரலில் இரண்டாவது கணு வரை வந்தால் சரியாக இரண்டு அங்குலம், உங்கள் விரலை ஒரு அடிமட்டத்தில் முதலில் அளந்துகொள்ளுங்கள். கூடினால் கிழங்கைத் தூக்கி அடியில் மண் போடுங்கள். பிறகு மண் மூடி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, பத்து நிமிஷம் கழித்துத் திரும்ப அளவுங்கள். இறங்கியிருந்தால் அப்போதே சரிசெய்யலாம், வசந்தத்தில் முடியாது.

சாதிப் பெயரை அழியாத மையில் எழுதிப் பக்கத்தில் குத்துங்கள். முதல் குளிர்காலத்துக்கு மட்டும், தரை உறைந்த பிறகு, மேலே வைக்கோலோ காய்ந்த இலையோ இரண்டு மூன்று அங்குலம் போடுங்கள். உறைவதும் உருகுவதுமாக மண் புரளும்போது புதுக் கிழங்கு மேலே தள்ளப்படாமல் அது காக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் அதை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

5. முதல் இரண்டு வருஷம்

முதல் வருஷம் ஒன்றிரண்டு தண்டு வரும். மொட்டு வந்தால் பட்டாணி அளவில் கிள்ளிவிடுங்கள். மனம் கேட்காது, தெரியும். கிள்ளினால் அந்தச் சத்துக் கிழங்குக்குப் போகும். இரண்டாவது வருஷம் ஒரு பூவை விட்டுப் பாருங்கள், வாசத்தைச் சோதிக்கலாம், ஆனால் தண்டோடு வெட்டாதீர்கள். மூன்றாவது வருஷத்திலிருந்து பூ உங்களுடையது. மழையில்லாத வாரங்களில் வாரம் ஒரு தடவை அடியில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். இலைமேல் தெளிக்க வேண்டாம்.

6. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை

ஏப்ரலில் செந்நிற முளைகள் மண்ணைப் பிளந்து வரும். ஐந்தாறு அங்குலம் உயர்ந்ததும் தாங்கு வளையத்தை வைத்துவிடுங்கள். செடி பெருத்த பிறகு வைக்கப் போனால் தண்டு முறியும். வளையம் இல்லாத வருஷம் ஒரே மழையில் எனது பூவெல்லாம் சேற்றில் முகம்குப்புற விழுந்து கிடந்தது.

ஒரு தண்டில் நடுவில் பெரிய மொட்டும் பக்கத்தில் சிறியவையும் வரும். பூங்கொத்துக்குப் பெரிய பூ வேண்டுமானால் பக்க மொட்டுகளைப் பட்டாணி அளவிலேயே கிள்ளிவிடுங்கள். வளவில் நீண்ட நாள் பூ வேண்டுமென்றால் அப்படியே விடலாம்.

மொட்டில் எறும்பு ஏறும். பயப்படாதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். மொட்டின் பச்சை உறையில் சுரக்கும் இனிப்பு நீருக்காகத்தான் அவை வருகின்றன, செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. எறும்பு வந்தால்தான் பூ விரியும் என்ற பேச்சும் சரியில்லை.

பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு. ஈரமான வசந்தத்தில் இளந்தண்டு அடியில் கறுத்துச் சாயும், சிறு மொட்டு கபில நிறமாகிக் காயும், சில சமயம் மேலே சாம்பல் பூத்திருக்கும். பொற்றைற்றிஸ் என்ற பூஞ்சை இது. கண்ட அன்றே அந்தத் தண்டை மண்ணோடு ஒட்ட வெட்டி வளவைவிட்டு வெளியேற்றுங்கள். கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள்.

நாய் பூனை உள்ள வீடென்றால் செடியைக் கடிக்கவிடாதீர்கள், அவற்றின் வயிற்றுக்கு ஆகாது.

7. பூங்கொத்துக்கு வெட்டுவது

எந்த நேரத்தில் வெட்டுவது என்பதைக் கை சொல்லும். மொட்டில் பூவின் நிறம் தெரியத் தொடங்கியதும் காலையில் போய், இரண்டு விரலால் மெல்ல அமத்துங்கள். கோலிக்குண்டு மாதிரி இறுகி இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. இப்போதே வெட்டினால் அது விரியாமலே வாடும். மார்ஷ்மெல்லோ மாதிரி, அல்லது இட்லியை அமத்தினால் கொடுக்குமே, அப்படிக் கொடுத்தால் அதுதான் நேரம். இதழ் மிகுந்த பூவென்றால் இன்னும் கொஞ்சம் மெத்தென்று ஆகட்டும். முழுதாக விரிந்த பூவை வெட்டினால் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும்.

தண்டில் குறைந்தது இரண்டு இலையாவது செடியில் மிஞ்ச வேண்டும். ஒரு செடியில் பாதிப் பூவுக்கு மேல் வெட்டாதீர்கள். இந்த வருஷத்து இலைதான் அடுத்த வருஷத்துப் பூவுக்குச் சாப்பாடு.

வெட்டியதும் வாளித் தண்ணீரில் போடுங்கள். எறும்பு இருந்தால் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். தண்ணீருக்குள் வரும் இலையை உரித்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, தண்டின் நுனியைச் சரிவாக வெட்டிவந்தால் ஐந்து முதல் ஏழு நாள் நிற்கும்.

கலியாணமோ பிறந்தநாளோ ஜூலை முதல் வாரத்தில் வருகிறதா? மொட்டைச் சேமிக்கலாம். அமத்தும் பதத்தில் வெட்டிய தண்டுகளின் இலையை நீக்கி, தண்ணீரில் வைக்காமல், ஈரம் படாமல் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஃபிரிட்ஜின் குளிரான தட்டில் படுக்க வையுங்கள். இரண்டு மூன்று வாரம் இருக்கும். அதே ஃபிரிட்ஜில் மாம்பழம், அப்பிள், வாழைப்பழம் இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடும் எதிலீன் வாயு பூவைக் கெடுக்கும். எடுக்கும்போது வாடியதுபோலத் தெரியும், எறிந்துவிடாதீர்கள். நுனியை அரை அங்குலம் வெட்டி இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு நாளுக்குள் விரியும். விழாவுக்கு முதல் நாள் காலை எடுத்தால் கணக்குச் சரியாக இருக்கும். முதல் தடவை இரண்டு மொட்டை வைத்துப் பரீட்சை பாருங்கள், உங்கள் ஃபிரிட்ஜின் குளிர் எப்படி என்று தெரிந்துவிடும்.

மாலை கட்ட இது தோதான பூ இல்லை, பாரம் கூட. சாமித் தட்டில் ஒற்றைப் பூவாக வைத்தால் அழகு. உதிர்ந்த இதழைப் பூத்தட்டில் பரப்பலாம்.

8. பூ முடிந்த பிறகு

வாடிய பூத்தலையை மட்டும் வெட்டுங்கள். 5-10-10 போன்ற நைதரசன் குறைந்த உரம் ஒரு பிடி எடுத்து, கிழங்கின் உச்சியில் படாமல் சுற்றிவர ஒரு முழம் தள்ளிப் போட்டுத் தண்ணீர் விடுங்கள். ஓகஸ்டில் இலை மங்கிப் புள்ளி விழும். பார்க்க நன்றாக இல்லை என்று அப்போதே வெட்டிவிடுவது நம்மில் பலர் செய்யும் பிழை. ஒக்டோபரில் கடும் உறைபனி விழுந்து இலை சாயும்வரை விடுங்கள். அதன்பிறகு தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு எல்லாவற்றையும் வெட்டி, உதிர்ந்த இலையையும் பொறுக்கி, நகரசபை எடுக்கும் கபிலக் கடதாசிப் பையில் போட்டு வீதியோரம் வையுங்கள். வீட்டுக் கம்போஸ்டில் போடாதீர்கள், பூஞ்சை அதில் குளிர்காலத்தைக் கடந்துவிடும். பை எடுக்கும் கடைசி நாள் உங்கள் பகுதிக் குப்பை நாள்காட்டியில் இருக்கும். டிசெம்பரில் அந்தச் சேவை நின்றுவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

நண்பருக்கு ஒரு துண்டு கொடுக்க விரும்பினால் ஐந்தாறு வருஷமான செடியைச் செப்டெம்பர் கடைசியில் முழுதாகத் தோண்டுங்கள். மண்ணைக் கழுவி, துண்டுக்கு மூன்று முளையாவது இருக்கும்படி வெட்டி, மிஞ்சியதை அன்றே திரும்ப நடுங்கள், இரண்டு அங்குல ஆழத்தில். பிரித்த செடி திரும்பப் பழையபடி பூக்க இரண்டு வருஷம் எடுக்கும். அதனால் எல்லாச் செடியையும் ஒரே வருஷத்தில் பிரிக்காதீர்கள்.